வெட்டாமல் பொருத்திய ரேடியேட்டர்

ரேடியேட்டரை எப்படிக் கழற்றுவது, எப்படி மாட்டுவது என்பதையெல்லாம் பயிற்சி நிலையத்திலேயே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உங்கள் கைகள் என் கைகளைவிட வேகமாகவும் ஓடுகின்றன. பட்டறைக்குள் நுழைந்ததுமே கவனித்தேன். அதனால் அந்தப் பாடத்தை நான் எடுக்கப் போவதில்லை. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சாலை ஓரத்தில் நின்றபடி, போகலாமா கூடாதா என்று சொல்ல வேண்டிய நேரம் ஒன்று உங்களுக்கும் வரும். எனக்கு அது ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வழியாக வந்தது. அதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. கிள்ளானில் நானும் ஆ செங்கும் கூட்டாகப் பட்டறை நடத்தினோம். ஆ செங் தோட்டத்துக் கடைக்காரரின் மகன். தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவன், சீனத்தில் திட்டுவதைவிடத் தமிழில் நன்றாகத் திட்டுவான். தகரம், வெல்டிங் எல்லாம் அவன் பொறுப்பு. எஞ்சின் என் பொறுப்பு. வாடிக்கையாளரிடம் பேசுவது யார் பொறுப்பு என்று நாங்கள் பிரித்துக்கொண்டதில்லை. அது எப்படியோ என் தலையில் விழுந்தது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து சபாபதி என்று ஒருவர் வந்தார். ரயில்வே அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை, நிதானமான பேச்சு. அவரிடம் இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரை இல்லாத, கரும்பச்சை நிற இங்கிலாந்து வண்டி ஒன்று இருந்தது. ஊர் திரும்பிய தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவரிடம் இளம் வயதில் வாங்கியது. வண்டி அழகாக இருந்தது. ஆனால் பிரிக்பீல்ட்ஸைத் தாண்டினால் கொதித்துவிடும். பழைய ரேடியேட்டரை ஈயம் வைத்து வைத்து அடைத்ததில், அதில் ரேடியேட்டரைவிட ஈயம்தான் அதிகம் இருந்தது. அதற்கு மாற்றாக, ஆஸ்திரேலியாவிலிருந்து புது அலுமினிய ரேடியேட்டர் ஒன்றைத் தருவித்துப் பெட்டியோடு கொண்டு வந்திருந்தார்.

"இத மாட்டிக் குடுங்க தம்பி. மனைவியோட பிரேசர் மலைக்குப் போகணும்."

"ஆன்டி இந்த வண்டியில வருவாங்களா சார்?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கதையைப் பிறகு அவர் மனைவி பரமேஸ்வரி ஆன்டியே சொன்னார். கல்யாணமான புதிதில் இருவரும் இதே வண்டியில் பிரேசர் மலைக்குக் கிளம்பினார்கள். மேலே தங்குவதற்கு அறையெல்லாம் சொல்லி வைத்தாகிவிட்டது. பாதி மலையில் வண்டி கொதித்து நின்றது. மூங்கில் ஏற்றிக்கொண்டு இறங்கிய லோரி ஒன்றில் திரும்பினார்கள். ஆன்டி பட்டுச் சேலையோடு டிரைவர் பக்கத்தில், சார் பின்னால் மூங்கில் மேல். அன்றோடு, "இனிமே இதுல ஏறமாட்டேன்" என்று சொன்னவர், பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு போன பிறகும் ஏறவில்லை.

பெட்டியின் மேல் 'அப்படியே பொருந்தும்' என்று அச்சிட்டிருந்தது. அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ பெட்டிகளில் படித்திருக்கிறேன். வண்டியின் மூக்குக்குள் புது ரேடியேட்டரை இறக்கிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்கு இடித்தது.

ஆ செங் கட்டரைக் கையில் எடுத்துவிட்டான். "பொட்டோங் லா, மணியம். ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டிட்டா நேரா உக்காந்துடும். பெயிண்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்?"

அவன் சொன்னதில் தப்பில்லை. வேலை சீக்கிரம் முடியும், பலமும் குறையாது. சாரிடம் கேட்டதற்கு அவரும், "வெட்டுங்க, எனக்கு வண்டி ஓடுனா போதும்" என்றார். ஆனால் அது ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிற உடம்பு. இன்றைக்கு அவசரத்தில் சரி என்பவர் நாளைக்கு அதே இடத்தைத் தடவிப் பார்த்து வருத்தப்படுவார். ரேடியேட்டர் பிடிக்கவில்லையென்றால் கழற்றிவிடலாம். வெட்டிய இரும்பை யாரும் வளர்க்க முடியாது. நான் வேண்டாம் என்றேன். ஆ செங் முனகிக்கொண்டே புதுத் தாங்கிகள் செய்தான். ரேடியேட்டரைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, சாய்வாக உட்கார வைத்தோம். முன்னால் மின்விசிறி ஒன்று. வண்டியின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அந்த முடிவு சரியென்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் சரியான முடிவுக்கும் ஒரு விலை இருக்கும். அது உடனே கண்ணில் படாது. வேறு எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கும். ரேடியேட்டரைச் சாய்த்ததால் அதன் கீழ்வாய் இடம் மாறியது. அங்கிருந்து எஞ்சினுக்குப் போகும் பழைய ரப்பர் குழாய் எட்டவில்லை. கடை கடையாக அலைந்து, சரியான வளைவுள்ள ஒன்றைக் கண்டுபிடித்தோம். ஏதோ ஒரு சிறிய லோரிக்கானது. தடிப்பான ரப்பர். நான் அமுக்கிப் பார்த்தேன், ஆ செங்கும் அமுக்கிப் பார்த்தான். இரும்பு மாதிரி இருந்தது. இருவரும் திருப்தியானோம்.

பிறகு சோதனை. கோலாலம்பூரில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே பயம்தான், நெரிசலில் நின்று கொதிப்பது. அதனால் உச்சி வெயிலில் பிரிக்பீல்ட்ஸ் நெரிசலுக்குள் வண்டியை வேண்டுமென்றே கொண்டுபோய் விட்டேன். ஃபெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளான்வரை ஓட்டினேன், அன்றைக்கு அங்கேயும் நெரிசல். மீட்டரின் ஊசி நடுவில் அசையாமல் நின்றது. ஆ செங் விசிறியைத் தட்டிக் கொடுத்தான், குதிரையைத் தட்டுவது போல.

நாங்கள் பயந்ததை மட்டும் சோதித்தோம். இதை மனதில் வையுங்கள். பயப்படாததைச் சோதிக்கவில்லை.

வண்டியை ஒப்படைக்கப் போனபோது ஆன்டி வாசலுக்கு வந்தார். வண்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி, கேரண்டியா?"

"கேரண்டி சொல்ல முடியாது ஆன்டி. பழைய வண்டி. டவுனுக்குள்ள நல்லா ஓடிச்சு. மலைக்கு நான் ஓட்டிப் பாக்கல."

சார் என்னை முறைத்தார். ஆன்டி தலையாட்டினார். "நீங்க உங்க பட்டறை வேன்ல பின்னாடியே வர்றதா இருந்தா நான் ஏறுறேன்" என்றார். சார் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. மறுக்க முடியவில்லை. ஆ செங்கும் வருவதாகச் சொன்னான். வழியில் டுரியான் கிடைக்கும் என்பது அவன் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். முன்னால் பச்சை வண்டி, தலையில் துணி கட்டிக்கொண்டு ஆன்டி, கறுப்புக் கண்ணாடியில் சார். பின்னால் எங்கள் வேன். பத்துமலையைத் தாண்டி ரவாங் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ரவாங்குக்குப் பிறகு சாலை காலியானது. சார் மிதித்தார். இத்தனை ஆண்டுகள் காத்திருந்த மனிதர், மிதிக்காமல் என்ன செய்வார்? எங்கள் வேனால் ஒட்டிப் போக முடியவில்லை.

கோலக் குபு பாருவை நெருங்கும்போது தூரத்தில் பச்சை வண்டி தெரிந்தது. ஆன்டி இடது கையை வெளியே நீட்டி எங்களை நோக்கிப் பலமாக ஆட்டிக்கொண்டிருந்தார். பானட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஆவி. ஒரு மலாய்க்கார அம்மா நடத்திய சாப்பாட்டுக் கடை ஓரமாக வண்டி நின்றது.

நான் வேனிலிருந்து இறங்குவதற்குள் சார் பானட்டைத் திறந்து, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ரேடியேட்டர் மூடிமேல் கை வைத்துவிட்டார்.

"சார்! கைய எடுங்க!"

அவர் எடுக்கவில்லை. ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். துண்டு கீழே விழுந்தது. பெரிய பதவியில் இருந்த மனிதர், மனைவி எதிரில், கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எதிரில். அவர் முகம் கறுத்துப் போனது. மன்னிப்புக் கேட்க நான் நிற்கவில்லை. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடி திறந்தால் முகத்தில் தோல் இருக்காது. அந்த நேரத்தில் மரியாதையைப் பார்க்காதீர்கள். அதைப் பிறகு சரி செய்துகொள்ளலாம், முகத்தைச் சரி செய்ய முடியாது.

எல்லோரையும் கடைக்குள் உட்கார வைத்தேன். வண்டி ஆறட்டும் என்றேன். உண்மையில் நானும் ஆற வேண்டியிருந்தது. தண்ணீர் ஒழுகவில்லை, விசிறி ஓடியது, ரேடியேட்டர் புதிது. நெரிசலில் நின்ற வண்டி காலி ரோட்டில் ஏன் கொதிக்கிறது?

"சார், ஊசி எப்போ ஏற ஆரம்பிச்சுது?"

"எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு தம்பி. திடீர்னுதான்."

"திடீர்னு இல்ல" என்றார் ஆன்டி. எல்லோரும் அவரைப் பார்த்தோம். "ரவாங் தாண்டுனதும் ஏறுச்சு. ஒரு டிராக்டர் பின்னால மெதுவா போனோமே, அப்போ இறங்குச்சு. டிராக்டரத் தாண்டி வேகமா போனதும் மறுபடி ஏறுச்சு. நான் சொன்னேன், இவரு பழைய மீட்டர், அப்படித்தான் காட்டும்னாரு."

"எல்லாத்தையும் பாத்துக்கிட்டே வந்தீங்களா ஆன்டி?"

"வேற எங்க பாக்குறது? எனக்குப் பயம். ஏறுனதுலேருந்து அந்த ஊசியத்தான் பாத்துக்கிட்டு வர்றேன்."

பட்டறையில் வண்டி ஓட்டியவரிடம்தான் எல்லாக் கேள்வியும் கேட்போம். பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்பதில்லை. ஓட்டுகிறவருக்கு வண்டி ஓட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. ஆசை இருக்கிற கண் பாதியைத்தான் பார்க்கும். அன்றைக்கு முழுவதையும் பார்த்தவர் பயந்துபோயிருந்தவர்தான்.

வேகத்தில் ஏறுகிறது, மெதுவில் இறங்குகிறது. அதைக் கேட்டதும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. வண்டி நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி எஞ்சினை எழுப்பினேன். ஆ செங்கை உள்ளே உட்கார வைத்து, ஊசி பாதிக்கு வந்ததும் மிதிக்கச் சொன்னேன். அவன் மிதித்தான். கீழ்க் குழாய் என் கண்ணெதிரே சப்பென்று ஒட்டிப் போனது. காலை எடுத்தான், உப்பியது. மறுபடி மிதித்தான், மறுபடி ஒட்டியது.

ஆ செங் இறங்கி வந்து பார்த்தான். "அடப்பாவி! தே ஐஸ் பொங்குஸ் மாதிரி இருக்கு" என்றான். பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும் தேநீரைக் கடைசியில் ஸ்ட்ராவால் உறிஞ்சும்போது பை ஒட்டிக்கொள்ளுமே, அதேதான். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது தண்ணீர் பம்ப் குழாயை உறிஞ்சுகிறது. பழைய குழாய்க்குள் அது ஒட்டாமல் இருக்க ஒரு சுருள் கம்பி இருந்தது. நாங்கள் வாங்கிய குழாயில் இல்லை. குளிர்ந்திருக்கும்போது இரும்பு மாதிரி இருந்த ரப்பர் சூட்டில் வாழைப்பழத் தோல் ஆகிவிட்டது.

"யார் போட்டது இந்தக் குழாய்?" என்றார் சார். மணிக்கட்டின் கோபம் இன்னும் அவரிடம் இருந்தது.

"நாங்கதான் சார்" என்றேன். ஆ செங்கும் தலையாட்டினான். அதற்குமேல் அந்தப் பேச்சு வளரவில்லை. யார் வாங்கியது, யார் அமுக்கிப் பார்த்தது என்று எங்களுக்குள் பேச ஆரம்பித்திருந்தால் மத்தியானம்வரை அங்கேயே நின்றிருப்போம்.

கடைக்கார அம்மா கூரைத் துணியை இழுத்துக் கட்ட வைத்திருந்த கம்பியில் ஒரு துண்டு கேட்டோம். "ஆம்பிக் லா, ஆம்பிக்" என்று எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்ததோடு, துடைப்பத்தையும் நீட்டினார். ஆ செங் துடைப்பக் கட்டையில் கம்பியை இறுக்கிச் சுற்றிச் சுருளாக்கினான், முனைகளை மடக்கி மழுக்கினான். வண்டி மறுபடி ஆறியதும் ரேடியேட்டரை வடித்து, குழாயைக் கழற்றி, சுருளை உள்ளே செருகி மாட்டினோம். தண்ணீரை நிரப்பி, வண்டியைச் சூடேற்றி மிதித்துப் பார்த்தோம். குழாய் ஒட்டவில்லை. கடையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

சாருக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. "கிளம்பலாம்! மத்தியானச் சாப்பாடு மேல!" என்றார்.

நான் குனிந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கவனித்துவிட்டார். தோளில் கை போட்டு, வேனுக்குப் பின்னால் என்னை அழைத்துப் போனார்.

"தம்பி, ஒரு விஷயம். என் கண்ணு மங்கிக்கிட்டு வருது. தூரம் தெரியுது, கிட்ட இருக்கறதுதான் கண்ணாடி போட்டாலும் தெரியல. அந்த ஊசி நிஜமாவே எனக்குத் தெரியல. டாக்டர் சொல்றாரு, கொஞ்ச நாள்ல வண்டி ஓட்டறத விட்டுடணும்னு. பரமேஸுக்கு இது தெரியாது." குரலை இன்னும் தாழ்த்தினார். "இன்னிக்குத் திரும்பினா அவ மறுபடி ஏறவே மாட்டா. போகலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

அவர் அதிகாரம் செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கெஞ்சினார். மலை அங்கிருந்தே தெரிந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறினாலும் ஏறிவிடும். ஆனால் அந்த மலை முழுவதும் சின்னக் கியரில்தான் ஏற வேண்டும், எஞ்சின் வேகமாகச் சுற்றும், பம்ப் பலமாக உறிஞ்சும். கூரை கட்டும் கம்பி உள்ளே நகர்ந்தால் எங்கே நிற்கும் என்று தெரியாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மீட்டர் தெரியாத டிரைவர்.

நாங்கள் திரும்பி வந்தபோது ஆன்டி வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்ன சொல்றாரு? போகலாங்கிறாரா?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "தம்பி, இது உங்க வண்டியா இருந்தா, உங்க வீட்டுக்காரிய ஏத்திக்கிட்டு இப்போ மேல போவீங்களா?" என்றார்.

சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகமாட்டேன் ஆன்டி. இந்தக் கம்பி வீட்டுக்குத் திரும்பறதுக்கு. மலை ஏறறதுக்கு இல்ல."

சார் குனிந்துகொண்டார். ஆ செங் எங்கோ பார்த்தான். அவருடைய நம்பிக்கையை என் வாயால் உடைத்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்தேன். வருத்தமாக இருந்தது.

"சார், இன்னொண்ணு" என்றேன். சாலைக்கு எதிர்ப்புறம் நின்றிருந்த லோரியைக் காட்டினேன். "அந்த லோரி நம்பரப் படிங்க."

அவருக்குப் புரிந்தது. தலையை நிமிர்த்தி, எழுத்தையும் எண்ணையும் ஒவ்வொன்றாகத் தெளிவாகப் படித்தார். எல்லாம் சரியாக இருந்தது. படிக்கத் திணறியிருந்தால் சாவியை வாங்கியிருப்பேன்.

"சரி சார். மெதுவா ஓட்டுங்க. நாங்க ஒட்டியே பின்னால வரோம்." பிறகு வேனின் பக்கக் கதவைத் திறந்து, "ஆன்டி, நீங்க இதுல வாங்க" என்றேன்.

ஆன்டி தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். பச்சை வண்டியின் சின்னக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார்.

"நான் வேன்ல வந்தா ஊசிய யாரு பாக்குறது?" என்றார். சார் பக்கம் திரும்பவில்லை. "இவருக்கு அது தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? பேப்பரக் கைய நீட்டிப் பிடிச்சுக்கிட்டு எத்தனை மாசமா படிக்கிற மாதிரி உக்காந்திருக்காரு. அதனாலதானே நான் வந்தேன்."

சார் வண்டியைச் சுற்றிப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு, "கிளம்பலாமா பரமேஸ்?" என்று கேட்டார்.

"கிளம்புங்க."

திரும்பி வந்த அந்தப் பாதை முழுவதும் நாங்கள் பின்னாலேயே வந்தோம். ஆன்டியின் தலை மீட்டர் பக்கம் சாய்ந்தே இருந்தது. அவ்வப்போது அவர் கை மேலே எழும், உள்ளங்கை கீழே பார்த்தபடி மெல்ல அமுங்கும். உடனே வண்டி மெதுவாகும். கொஞ்ச தூரம் போனதும் விரல்கள் முன்னால் அசையும். வண்டி வேகமெடுக்கும்.

ஆ செங் டுரியான் கடைகளைத் தாண்டித் தாண்டி வந்த வருத்தத்தில் இருந்தான். ரவாங் வந்ததும் கேட்டான், "மணியம், இப்ப யாரு டிரைவர், யாரு பாசெஞ்சர்?"

மறுநாளே சுருள் கம்பியோடு சரியான குழாயைத் தேடிப் பிடித்து மாட்டினோம். இந்த முறை நெரிசலைத் தேடிப் போகவில்லை. காலி ரோட்டைத் தேடிப் போய் மிதித்துப் பார்த்தேன். செமினிப் பக்கம் மேடு பள்ளமான சாலையில் போகவர ஓட்டினேன். ஊசி அசையவில்லை. வண்டியை எடுக்க இருவரும் சேர்ந்து வந்தார்கள். நான் முதலில் ஆன்டியிடம்தான் பேசினேன். பக்கத்தில் உட்கார்ந்தவரிடமும் கேட்பது அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது. எந்த வண்டி வந்தாலும், ஓட்டியவரிடம் கேட்டு முடித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் யார் என்று கேட்பேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

போகலாம் என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்போம். அப்படித்தான் பல முடிவுகள் தப்பிப் பிழைக்கின்றன, சரியாக இருந்ததால் அல்ல. அதைப் பார்த்து யாரும் பாடம் படிக்காதீர்கள்.

சில வாரங்கள் கழித்து ஆ செங் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வழியாகப் போயிருக்கிறான். சாரின் வீட்டில் வண்டி நிறுத்தும் இடம் காலியாக இருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்திருக்கிறான். இருவரும் விடிந்ததும் பிரேசர் மலைக்குக் கிளம்பிவிட்டார்கள், இரண்டு நாள் கழித்துத்தான் வருவார்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"நம்மள ஒரு வார்த்தை கூப்பிடல பாரு" என்று ஆ செங் வந்து குறைப்பட்டுக்கொண்டான்.

எனக்கு அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருந்தது.